மயக்க மருந்துக்கு முன் இன்னோர் ஊசி எதற்கு?

சில மாதங்களுக்கு முன், மடிக்கட்டியை அகற்றுவதற்காக ஒன்பது வயது லாப்ரடார் நாயொன்றை ஒரு குடும்பத்தினர் நம் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். முதல் ஊசியைப் போடுமுன், "காலையில் ஏதேனும் சாப்பிட்டதா?" என வழக்கம்போல் வினவினேன். "ஒன்றும் கொடுக்கவில்லை, டாக்டர்" என்றார் தந்தை. அருகில் நின்ற சிறுமி தலைகுனிந்தபடி, "நான்தான் ரெண்டு இட்லி கொடுத்தேன். அது என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள். அறுவை சிகிச்சையை மறுநாளுக்கு மாற்றினோம். தந்தைக்கு வருத்தம், சிறுமிக்கு அச்சம், எனக்கோ பெரும் நிம்மதி.

அந்த முதல் ஊசியைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். "எப்படியும் மயக்கப் போகிறீர்கள், இது எதற்கு?" என்பதே கேள்வி.

இதற்கு மூன்று நோக்கங்கள் உண்டு. முதலாவது, அச்சத்தைத் தணித்தல். மிரண்ட நாயின் உடலில் பெருகும் அட்ரினலின், மயக்கத்தின்போது இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும். இரண்டாவது, மயக்க மருந்தின் அளவைக் குறைத்தல். புரோபோஃபால், ஐசோஃபுளூரேன் போன்றவை அளவு கூடக்கூட இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தாழ்த்துவன. மூன்றாவது, வலியைத் தடுத்தல். கத்தி படுவதற்கு முன்பே கொடுக்கும் வலிநிவாரணி நன்கு பயன்தரும்; நாயும் அலறாமல் அமைதியாகக் கண்விழிக்கும்.

எல்லா நாய்க்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஏஸ்புரோமசின் அமைதி தரும்; ஆனால் வலியைப் போக்காது, இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். டெக்ஸ்மெடெடோமிடின் ஆழ்ந்த அமைதியோடு வலியையும் தணிக்கும். அதன் செயலை நீக்க மாற்று மருந்தும் உண்டு. எனினும் அது இதயத்துடிப்பை மிகவும் மெதுவாக்குவதால், இதய நோயுள்ள நாய்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறோம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் தொண்டைத் தசை தளர்ந்தால் மூச்சுவழி அடைபடலாம். ஆகவே ஊசி போட்ட கணம் முதல் ஒருவர் அருகிலிருந்தே கவனிப்பார்.

ஊசிக்குப் பின் நாய் தள்ளாடலாம், சில மருந்துகளால் வாந்தி எடுக்கலாம், ஈறு வெளுக்கலாம், கண்கள் பாதி திறந்தே இருக்கலாம். கண்டு பதற வேண்டாம். உலுக்கியோ உரக்க அழைத்தோ எழுப்பாதீர்கள். உறங்குவதுபோல் கிடக்கும் நாயும் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மயக்க மருந்து தொடர்பான இறப்பு நலமான நாய்களில் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று. நோயுற்றவற்றில் ஏறத்தாழ 75-க்கு ஒன்று. இறந்தவற்றில் ஏறக்குறைய பாதி, அறுவை முடிந்த பின்னரே இறந்தன. முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை கேட்பதும், முடிந்தவுடன் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும் இதனால்தான்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவு உணவோடு நிறுத்துங்கள். ஊசி போடும்வரை தண்ணீர் கொடுக்கலாம். குட்டிகளுக்கும் நீரிழிவுள்ள நாய்களுக்கும் நீண்ட பட்டினி கூடாது. அவற்றுக்குரிய நேரத்தை எங்களிடம் கேட்டறியுங்கள். வலிப்பு, இருமல், சிறு ஓட்டத்திலேயே களைப்பு, தற்போது கொடுக்கும் மாத்திரைகள், முன்பு மயக்கத்தில் நேர்ந்த சிக்கல் ஆகியவற்றை மறவாமல் கூறுங்கள்.

மயங்கிய நாய்க்கு விழுங்கும் உணர்வு இராது. இரைப்பையிலிருந்து மேலேறும் உணவு நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த இட்லியைப் பற்றிய உண்மை எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்த லாப்ரடார், மாலையில் மெல்ல வாலாட்டியபடி வீடு திரும்பியது. சிறுமியை எவரும் கடிந்துகொள்ளவில்லை. உணவு கொடுத்துவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையை ஒரு நாள் தள்ளி வைப்பதில் எங்களுக்குச் சிரமம் ஏதுமில்லை.