கொப்பளித்தால் மட்டும் போதுமா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தலைமுறை, கரித்தூளையும் உப்பையும் விரலில் தொட்டுத்தான் பல் துலக்கியது. ஈறில் இரத்தம் கசிந்தால் உடம்புச் சூடு என்பார்கள். பல் ஆடினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். இப்போது சிரம்பான், பகாவ் மருந்துக் கடைகளில் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மூடி ஊற்றிக் கொப்பளித்தால் பிரஷ் வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

ஈறு நோய்க்கு முதல் காரணம் பல்லின் மேல் வழவழவென்று படியும் பற்படலம். அது கிருமிகளின் குடியிருப்பு. அதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடமே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை, முறையான பல் பராமரிப்பு இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைக் கவனித்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்குமே ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் பற்களே இல்லாமல் போயின. 81 பேருக்கு மெல்லப் பரவியது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. யார் எந்தக் கூட்டத்தில் சேருவார் என்று வாயைத் திறந்து பார்த்ததும் சொல்லிவிட முடியாது.

அதே லோ, ஷியோட் என்பவருடன் சேர்ந்து 1970இல் இன்னோர் ஆய்வையும் வெளியிட்டார். 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கரைசலை 10 மில்லிலிட்டர் எடுத்து, நாளுக்கு இரு முறை ஒரு நிமிடம் கொப்பளித்தவர்களுக்கு, பல் துலக்காமலே பற்படலம் சேரவில்லை. இதைத்தான் பலர் பாதியில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய பற்கள் முதலில் சுத்தம் செய்யப்பட்டிருந்தன!

குளோர்ஹெக்சிடின் பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல வேலை செய்யும். புதிய படலம் உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே தடித்துப்போன படலத்துக்குள் அது சரியாக நுழையாது, காரையைக் கரைக்காது. அவற்றைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஈறு அறுவை சிகிச்சை செய்தவர், கையில் அடிபட்டுத் துலக்க முடியாதவர் போன்றோருக்கு மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு இது நல்ல துணை. மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும். தேநீர் குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். நாக்கின் சுவையும் கொஞ்ச காலம் மாறும். தைமால், செட்டில்பிரிடினியம் கலந்த மற்ற மருந்துகள் இதைவிட மென்மையானவை. அவற்றைத் தினமும் பயன்படுத்தலாம், ஆனால் பிரஷோடு சேர்த்துத்தான்.

இன்னொன்று. பற்பசையில் நுரை வரவைக்கும் பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும். அதனால் பல் துலக்கியவுடன் கொப்பளிக்காமல், நன்றாக வாய் கழுவி அரை மணி நேரமாவது கழித்துக் கொப்பளிப்பது நல்லது.