சாவியைக் கொடுத்தால் போதாது, பெயரை மாற்றிக் கொடுங்கள்

"சார், வண்டியை வித்து மூணு வருஷமாச்சு. இப்பவும் அபராதம் என் பேருக்கே வருது."

இந்தப் புலம்பலை மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். வண்டியை விற்றதாகத் தெரிவிக்கும் ஃபார்ம் 29-ன் நகல். அடியில் அவருடைய கையெழுத்து மணிமணியாக இருந்தது. வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. முகவரி காலி. தேதியும் காலி. அவருடைய செல்போனில் ஒன்பது இ-சலான் வந்து கிடந்தன. ஹெல்மெட் இல்லை, சிக்னலில் நிற்கவில்லை, ஒரே வண்டியில் மூன்று பேர். அந்த ஸ்கூட்டர் இன்று எந்த ஊரில், யார் கையில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் அது இன்னும் அவருடைய வண்டி.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் எழுபதாயிரம் ரூபாய்க்குப் பழைய பைக் வாங்கிய இளைஞர். "பேர் மாத்தறது எங்க பொறுப்பு தம்பி, ஒரு மாசத்துல ஆர்.சி. புக் வீட்டுக்கே வந்துடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏழு மாதம் காத்திருந்துவிட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏன் இவ்வளவு தாமதம் செய்கிறது என்று கேட்க வந்தார். "விண்ணப்ப எண் இருக்கிறதா?" என்றேன். அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தால், விண்ணப்பமே போடப்படவில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நேர்ந்தது ஒரே தவறுதான். ஆர்.சி. வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. பணம் கைமாறிய நாளில் அது தொடங்குவதில்லை, சாவி கைமாறிய நாளிலும் தொடங்குவதில்லை. விண்ணப்பம் பதிவாகி, விண்ணப்ப எண் உங்கள் கைக்கு வந்த நாளில்தான் தொடங்குகிறது.

சட்டம் யாருக்கு எத்தனை நாள் தருகிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 50-வது பிரிவு. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் வீட்டு முகவரிக்கு உரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால், பதிவான அலுவலகத்தில் ஃபார்ம் 28 கொடுத்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும்.

விற்றவருக்கும் கடமை உண்டு என்பதைக் கவனியுங்கள். "வாங்கினவர் மாத்திக்குவார்" என்று விட்டுவிட்டு வருபவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

எந்த அளவுக்கு அலைய நேரும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பே போதும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு, 2018 பிப்ரவரி. 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. பதிவு மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு அவருடையதே என்று நீதிமன்றம் சொன்னது. வண்டியை ஓட்டியது அவரல்ல, வண்டி அவரிடம் இருக்கவுமில்லை. விற்றுக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகியும் சுமை அவர் தலையில்தான் விழுந்தது. இ-சலான் ஆயிரம் ரூபாயோடு போகும். விபத்து இழப்பீடு வீட்டையே விற்க வைத்துவிடும்.

வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. வண்டி விற்றதும், மூன்றாம் நபருக்கான காப்பீடு புதியவர் பெயருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். ஆனால், 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து பாலிசியில் பெயர் மாற்றாவிட்டால், உங்கள் வண்டி திருடுபோனாலோ நொறுங்கினாலோ கிளெய்ம் கேட்டுப் போகும்போது கையை விரித்துவிடுவார்கள். இன்னொன்று: பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது.

விற்பனை நாளில் செய்ய வேண்டியவை

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். தெரிகிற எழுத்துகளை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். காப்பீடு எந்தத் தேதி வரை, கடன் இருக்கிறதா, கட்டாத இ-சலான் நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று குனிந்து பாருங்கள். அந்த எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதியும் விண்ணப்பத்தோடு தேவைப்படும்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு (எச்.பி.) கேன்சல் ஆக வேண்டும். கடைசித் தவணை கட்டியவுடன் அது தானாக நீங்காது. வங்கியோ நிதி நிறுவனமோ கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 இரண்டு பிரதியும், அவர்களுடைய என்.ஓ.சி.யும் வேண்டும். என்.ஓ.சி.யில் செல்லுபடியாகும் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள் கொடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் முன்பு கடன் முடித்துவிட்டு, காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் எத்தனையோ பேர். விற்கும்போதுதான் அந்த நிறுவனத்தின் கிளை எங்கே என்று தேடுகிறார்கள்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவங்கள். ஃபார்ம் 29, விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு, இரண்டு பிரதி. ஃபார்ம் 30, இருவரும் கையெழுத்திடும் விண்ணப்பம். இவற்றோடு அசல் ஆர்.சி., நடப்புக் காப்பீடு, மாசுச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். மத்திய விதிகளின்படி பெயர் மாற்றக் கட்டணம் பைக்குக்கு 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. இதற்குமேல் யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அரசுக்குப் போகும் பணம் அல்ல.

முக்கியமாக ஒன்று: காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் உங்கள் கண்முன் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகல் உங்களிடம் இருக்கட்டும். காராக இருந்தால் ஃபாஸ்டேகை அன்றே முடக்கிவிடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே அலுவலகம் போய் வாருங்கள். அரை நாள் வேலை அது. முடியாவிட்டால், ஃபார்ம் 29-ன் ஒரு பிரதியை விற்ற நீங்களே நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். அதனால் மட்டும் பெயர் மாறிவிடாது. ஆனால், நாளை காவல் நிலையத்தில் நிற்க நேர்ந்தால் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

கன்சல்டிங் மூலம் விற்றாலும் வாங்கினாலும் இதே கேள்விதான்: விண்ணப்ப எண் எங்கே? எண்ணைக் கொடுக்கும்வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

விண்ணப்பித்த பிறகு

தமிழகத்தில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்.சி. நேரில் தரப்படுவதில்லை, விரைவு அஞ்சலில்தான் வரும். அதனால், விண்ணப்பத்தில் உள்ள முகவரி நீங்கள் இன்று குடியிருக்கும் முகவரியாக இருக்கட்டும். செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். புரோக்கரின் எண்ணைப் போட்டுவிட்டால் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். கதவு பூட்டியிருந்து கார்டு திரும்பிப் போனால், அதற்குப் பிறகு அலைவது நீங்கள்தான்.

அட்டை வரும்வரை பரிவாகன் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பெயர் மாறியதும் டிஜிலாக்கரில் மின்னணு ஆர்.சி.யை எடுத்துக்கொள்ளலாம். சாலையில் கேட்டால் அதைக் காட்டினால் போதும், மத்திய விதி 139 அதை ஏற்கிறது.

புது வண்டிக்கு ஒரு வார்த்தை. பதிவு விண்ணப்பம் போடுவது ஷோரூமின் கடமை. பதிவு எண் பொருத்தாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்று 2019 திருத்தத்துக்குப் பின் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நல்ல நேரம் போய்விடும் என்று எண் இல்லாத வண்டியை எடுத்து வராதீர்கள். பதிவில்லாத வண்டி ஓட்டினால் முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். விண்ணப்பம் வந்த 30 நாட்களுக்குள் ஆர்.சி. தர வேண்டும் என்கிறது மத்திய விதி 48.

உரிமையாளர் இறந்துவிட்டால், 30 நாட்களுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. அப்பா போய் நான்கு வருடம் ஆன பிறகும் அவர் பெயரிலேயே வண்டி ஓட்டும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

தாமதமானால் எங்கே போவது?

விண்ணப்பித்து ஒரு மாதம் தாண்டிவிட்டால் சும்மா இருக்காதீர்கள். "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எல்லாம் ஆன்லைன் என்று அரசு அறிவிக்கிறது. ஆனால், அலுவலக வாசலில் ஏஜென்ட் இல்லாமல் தாள் நகராது என்று மக்கள் இன்னும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்தது கவுன்டரில் பதில் சொல்லாத அதிகாரிகள்தான்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு விண்ணப்ப எண்ணோடு எழுத்தில் மனு கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, ஏன் நிற்கிறது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100-ல் புகார் சொல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

தவறு ஷோரூமிலோ கன்சல்டிங்கிலோ என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஏற்கெனவே விற்றுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், வாங்கியவரைத் தேடிப் பிடித்து இன்றே பெயரை மாற்ற வையுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால், விற்ற தேதி, வாங்கியவர் விவரம், கைவசமுள்ள நகல்களோடு பதிவு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்து ரசீது வாங்குங்கள். ஆசிரியருக்கும் இதைத்தான் சொன்னேன். மூன்று வருடம் முன்பு 14 நாட்களுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இதைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். கடைசியாக நீங்கள் விற்ற வண்டியின் எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் பெயரின் எழுத்துகள் தெரிந்தால், நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.