கருணைத் தொகையோடு கணக்கு முடிவதில்லை

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. மதுரை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் போடி லைனில் நிறுத்தியிருந்த ஒரு ரயில்பெட்டி அதிகாலை 5.15 மணிவாக்கில் தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகச் சுற்றிவந்த யாத்ரீகர்களின் தனிப்பெட்டி அது. நாகர்கோவிலில் புனலூர் – மதுரை எக்ஸ்பிரஸில் சேர்க்கப்பட்டு வந்து, மதுரையில் கழற்றிவிடப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே வைத்திருந்த கேஸ் சிலிண்டரால் தீ பரவி, 9 பேர் இறந்தார்கள். சிலிண்டரை ஏற்றியது யாரோ சிலராக இருக்கலாம். எரிந்தது எல்லோரும் இருந்த பெட்டி.

ரயிலில் சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல், பட்டாசு எதுவும் கொண்டுபோகக் கூடாது. மீறினால் ரயில்வே சட்டம் 1989-ன் 164-ம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் வரும் சேதத்துக்கும் கொண்டுவந்தவரே பொறுப்பு.

நம் பக்கத்தில் சிலிண்டரைவிடப் பட்டாசைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியைத் தொட்டுக்கொண்டுதான் மதுரைக்கு வருகிறது. தீபாவளி நெருங்கினால், “பிள்ளைகளுக்குத்தானே, ரெண்டே ரெண்டு கிஃப்ட் பாக்ஸ்” என்று துணிப்பையின் அடியில் வைத்து, மேலே புடவையை மூடி, சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். நாலு சீட் தள்ளிக் கதவோரம் ஒருவர் பீடி பற்றவைத்தால் போதும். ஐயப்ப சீசனில் பெட்டிக்குள்ளேயே கற்பூரம் ஏற்றுவதும் இதே ஆபத்துதான். பக்தியின் பெயரால் அதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது.

இப்படி எதைப் பார்த்தாலும் டிக்கெட் பரிசோதகரிடமோ, ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமோ சொல்லுங்கள், 139-க்கு அழையுங்கள். ரயில் எண், பெட்டி எண், எந்த சீட்டுக்குக் கீழே என்று சொன்னால் தேடுவது எளிது. யாரையோ காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம். அதே பெட்டியில்தான் நம் வீட்டாரும் தூங்குகிறார்கள்.

அந்த விபத்து நடந்த அன்றே ரயில்வே தலா 10 லட்சம் ரூபாயும், தமிழக அரசு தலா 3 லட்சம் ரூபாயும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அறிவித்தன. இது கருணைத் தொகை. சட்டப்படி கேட்டு வாங்க வேண்டிய இழப்பீடு வேறு. கருணைத் தொகை வாங்கிவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம் மக்களில் பலர் முதல் செக் வந்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

9 பேர் ஒன்றாக இறந்தால் அமைச்சர்கள் வருவார்கள். திருமங்கலம் தாண்டி முன்பதிவில்லாப் பெட்டியின் நெரிசலில் ஒரு கட்டடத் தொழிலாளி தவறி விழுந்தால் யாரும் வருவதில்லை. செய்தித்தாளில் நாலு வரி வரும். அந்தக் குடும்பத்துக்குத்தான் ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு தெரிந்திருக்க வேண்டும். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தோ, ரயிலில் கொள்ளை, வன்முறைத் தாக்குதல், தீவைப்பு போன்றவற்றிலோ பயணி இறந்தால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும். ரயில்வேயின் மீது தவறு இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி முதல் இந்தத் தொகைதான். காயமடைந்தவர்களுக்கும் காயத்தின் தன்மைக்கேற்ப உண்டு. வழியனுப்ப வந்தவர் கையில் முறையான பிளாட்பாரம் டிக்கெட் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவரும் பயணிதான்.

தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், போதை, நோயால் நேர்ந்த மரணம் ஆகியவற்றுக்கு இந்த இழப்பீடு கிடையாது. “படியில் நின்றது அவன் தப்பு, பத்துப் பைசா கிடைக்காது” என்று ஊரில் யாராவது அடித்துச் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ரயிலில் ஏறும்போதோ இறங்கும்போதோ விழுவது தானே வருவித்துக்கொண்ட காயம் ஆகாது, கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. படியில் தொங்குவதற்கு இது அனுமதி அல்ல. அது தனிக் குற்றம். சுற்றுவழி எதற்கு என்று தண்டவாளத்தில் குறுக்கே நடந்து அடிபட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

வழக்கு பெரும்பாலும் சிக்குவது டிக்கெட்டில்தான். சாதாரண டிக்கெட் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு துண்டுச் சீட்டு. விழுந்த இடத்தில் அது கிடைக்காமலே போகலாம். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர் பயணியே அல்ல என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விவரங்களோடு குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்குப் போய்விடும். ஆனாலும் சாட்சியம் கையில் இருப்பது நல்லது. விருதுநகர், மானாமதுரை, திண்டுக்கல்லிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் சீசன் டிக்கெட்டைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அசம்பாவிதம் நடந்துவிட்டால், ரயில்வே போலீஸின் பிரேத விசாரணை அறிக்கையில் சட்டைப்பையில், பர்ஸில் இருந்த பொருட்களின் பட்டியல் இருக்கும். டிக்கெட் எண் அதில் ஏறியிருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றின் நகலும் வேண்டும்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனல் எனப்படும் இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னை அமர்வு. கெடு ஓராண்டு. துக்கத்தில் நாட்கள் ஓடியதே தெரியாது. தலைத் திதி வரும்போது கெடுவும் முடிந்திருக்கும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தீர்ப்பு பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 45 பைசா பிரீமியத்தில் உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. காப்பீட்டுக்கான கட்டத்தைத் தேர்வு செய்வதோடு நிறுத்தாமல், பிறகு வரும் இணைப்பில் நாமினி பெயரையும் நிரப்புங்கள். கவுன்ட்டரில் எடுக்கும் டிக்கெட்டுக்கு இந்த வசதி இல்லை. ஏழைப் பயணிகளைத் தள்ளிவைக்கும் இந்த ஏற்பாட்டை ரயில்வே மாற்றியே ஆக வேண்டும்.

பிணவறை வாசலிலேயே “நான் வாங்கித் தருகிறேன், பாதி பாதி” என்று யாராவது வந்து நிற்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார், பாஸ்புக் அசலைக் கொடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். கணவரை இழந்த பெண் சம்பளச் சான்று எதுவும் காட்ட வேண்டியதில்லை.