ஒண்டுக் குடித்தனமும் ஒற்றைப் படிக்கட்டும்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பொழுது புலருமுன், செம்பூர் சித்தார்த் காலனியில் ஒரு மாடி வீட்டில் தீப்பற்றியது. கீழே கடை, மேலே குடும்பம். கடையின் மின்கம்பிகளில் மூண்ட தீ மாடிக்கு ஏறிற்று. குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தினர் 7 பேர் மாண்டனர். அச்செய்தியைப் படித்த அன்று, தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர் எத்தனை பேர் தம் வீட்டுப் படிக்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தனரோ, யாம் அறியோம்.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. 2017 டிசம்பர் 18 அன்று சாக்கிநாக்கா கைரானி சாலையில் பலகாரக் கடையொன்று எரிந்தது. அங்கேயே படுத்துறங்கிய தொழிலாளர் 12 பேர் உயிரிழந்தனர். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கிய கட்டடம் தீக்கு இரையாயிற்று. மாண்டவருள் தமிழகத்தார் 7 பேர். மூன்றிலும் தீ தோன்றியது கீழ்த்தளத்தில். மக்கள் உறங்கியது மேலே. பொழுதோ விடியாத வேளை.

கீழே எரியும் தீக்கு மாடிப்படியே புகைபோக்கி. சுடர் வருமுன் புகை வந்துவிடும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே அது உணர்வைப் பறித்துவிடும். விழித்துக்கொண்டவர்க்கும் இறங்கும் வழி அப்புகைபோக்கிதான்.

அத்தகைய படிக்கட்டை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம்? தாராவியில் மேல் கோலிக்கு ஏறுவது பல வீடுகளில் செங்குத்தான இரும்பேணி. சால்களிலோ படிக்கட்டின் அடியில் மின்மீட்டர்ப் பலகை. அதனருகே மாற்றுக்கென வைத்த காஸ் சிலிண்டர். அப்பால் சைக்கிள், பழைய மெத்தை, செருப்பு அடுக்கு, தண்ணீர் டிரம். (குழாயில் நீர் சில மணி நேரமே வரும் இந்நகரில் டிரம்மைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை, நகர்த்தி வைத்தால் போதும்.) கோலிக்குள் ஒரு சாண் இடத்திற்குச் சச்சரவிடும் நாம், படியில் எது கிடந்தாலும் வாய் திறப்பதில்லை. அவ்விடம் எவருக்கும் உரியதன்று. ஆதலால் எல்லாருடைய தட்டுமுட்டும் அங்கே.

வீட்டுக்காரரிடம் கேட்கலாமெனில் அச்சம். 11 மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதோ, டெபாசிட் திரும்பாதோ என்னும் கவலை. யாம் அதனை எள்ளவில்லை. இந்நகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கால்கள் எமக்கும் உண்டு. ஆயினும் ஒரு குடித்தனம் தனித்துக் கேட்பது வேறு; ஆறு குடித்தனமும் கூடிச் சென்று கேட்பது வேறு. கேட்க வேண்டியவையும் இரண்டே. மீட்டர்ப் பலகையில் தொங்கும் கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செப்பனிடுதல் ஒன்று. சன்னலின் இரும்புக் கம்பிச் சட்டத்தில் ஓர் ஆள் நுழையத்தக்க திறப்பு அமைத்தல் மற்றொன்று. கள்வருக்கு அஞ்சி அடைத்த சன்னல், தீயின்போது சிறையாகிறது.

எஞ்சியவை நம் கையில் உள்ளவை. சமையல் வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். நாற்றம் எழுந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்தபின் 1906 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். அடுப்பின் ரப்பர்க் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் நீரை ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடுக.

தீயணைப்புப் படையின் எண் 101 என்பதை அறியாதார் சிலரே. ஆனால் ஊரிலிருந்து வந்து பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியார் அவ்வெண்ணை அழைத்தால் மறுமுனையில் கேட்பது மராத்தி. ‘ஆக் லாகலி’ என்னும் இரு சொற்களையும், தெருவின் பெயரையும், அருகிலுள்ள அடையாளத்தையும் அவருக்குச் சொல்லிப் பழக்குதல் வேண்டும். யாம் கண்ட இல்லமொன்றில் அவற்றைத் தமிழெழுத்தில் பெரிதாக எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தனர். அதன் கீழே ஓர் ஆணியில் சன்னல் பூட்டின் சாவி.