தலையை இழந்த புத்தர்கள்... லோயாங்கில் ஒரு உலா!

ஒரு சிலைக்குத் தலை இல்லை. அடுத்ததற்குக் கை இல்லை. இன்னொரு மாடத்தில் சிலை இருந்த பள்ளம் மட்டுமே மிச்சம். சீனாவின் லோயாங் நகருக்குத் தெற்கே, ஈ ஆற்றங்கரையில் உள்ள லோங்மென் குகைகளில் இந்தக் காட்சியைத் தவிர்க்கவே முடியாது.

பல வம்சங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர் லோயாங். நகருக்குக் கிழக்கே இருக்கிறது வெள்ளைக் குதிரைக் கோயில். கி.பி. 68-ல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். காசியப மாதங்கர், தர்மரத்னர் என்ற இரு இந்தியத் துறவிகளுடன் புத்த நூல்களைச் சுமந்து வந்த குதிரையின் நினைவாகவே இந்தப் பெயர் என்பது ஐதீகம். துறவிகள் இருவரின் சமாதிகளும் கோயில் வளாகத்திலேயே உள்ளன. சாஞ்சி ஸ்தூபியின் சாயலில் இந்தியா கட்டிக்கொடுத்த புத்தர் ஆலயமும் அங்கே உண்டு. 2010-ல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல்.

லோங்மென் வேறு உலகம். கி.பி. 493 வாக்கில் குடையத் தொடங்கிய மலை இது. குகைகளும் மாடங்களுமாக 2,300-க்கும் மேல். சிலைகள் சுமார் ஒரு லட்சம். எல்லாவற்றுக்கும் பெரியவர், 17.14 மீட்டர் உயர வைரோசன புத்தர். பேரரசி வூ சேதியன் தன் ஒப்பனைச் செலவுப் பணத்தைக் கொடுத்து உதவ, 675-ல் முடிந்தது இந்தச் சிலை. அதன் முகம் பேரரசியின் முகமேதான் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இன்னொரு குகையின் சுவரில், நூற்றுக்கும் மேற்பட்ட வைத்தியக் குறிப்புகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வந்து போகிற யாருக்கும் பயன்படட்டும் என்ற கருணை!

இவ்வளவையும் காத்த மலையால் திருடர்களைத் தடுக்க முடியவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலைப்பொருள் சந்தைக்காகத் தலைகள் அறுக்கப்பட்டன. பேரரசரும் பேரரசியும் பரிவாரத்துடன் வழிபட வரும் இரு புடைப்புச் சிற்பங்கள் 1930-களில் துண்டு துண்டாகப் பெயர்க்கப்பட்டன. இன்று பேரரசர் நியூயார்க் அருங்காட்சியகத்தில். பேரரசி கான்சஸ் சிட்டியில். ஒரே குகையில் எதிரெதிரே இருந்தவர்கள்!

ஆறுதலும் உண்டு. கனடா தேசிய கலைக்கூடம், தன்னிடமிருந்த காசியபர் சிலையை 2001-ல் திருப்பிக் கொடுத்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஷியானிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பியோனி மலர்கள் பூக்கும் ஏப்ரல் நல்ல பருவம். காலையிலேயே போய்விடுங்கள், கிழக்கு நோக்கிய வைரோசனர் முகத்தில் அப்போதுதான் வெயில் விழும். அவர் கைகள் உடைந்திருக்கின்றன. புன்னகை அப்படியே இருக்கிறது.