இலவச மடிக்கணினியின் இன்னொரு பாதி

திருத்தணியைக் கடந்து ஆந்திர எல்லையை நோக்கிப் பயணம் செய்வோர் பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் கால் வைத்தவுடன் கேட்பது விசைத்தறிகளின் ஓசையைத்தான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது, அவ்வூரில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு நெசவாளர் இல்லத்தில் அமர்ந்திருந்தேன். குடும்பத் தலைவர் 2021-ஆம் ஆண்டு பெருந்தொற்றில் காலமாகிவிட்டார். அவருடைய துணைவியார் பீரோவைத் திறந்து, பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த மடிக்கணினி ஒன்றைக் கொணர்ந்து என் முன் வைத்தார். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது, 2012-இல், அரசு விலையின்றி வழங்கியது அது.

“அவரு போட்டோ, பெரியவ நிச்சயதார்த்த வீடியோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுங்க அண்ணா. இப்ப திறக்கவே மாட்டேங்குது. கடையில காட்டினோம். உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும், ஐந்நூறு ரூபா ஆகும்னு சொல்றாங்க” என்றார்.

இளைய மகன் பொத்தானை அழுத்தினான். கருந்திரையில் சில வரிகள் தோன்றின. எதையேனும் ஒன்றைச் சில விநாடிகளுக்குள் தேர்ந்தெடுக்குமாறு கணிப்பொறி கேட்டது. அவன் வழக்கம்போல் விண்டோஸ் என்ற வரிக்குச் சென்றான். சிறிது நேரத்தில் நீலத் திரை ஒன்று வந்து நின்றது. மறுமுறையும் அவ்வாறே.

“தம்பி, இன்னொரு வரி இருக்கிறதே, அது என்ன?” என்று கேட்டேன்.

“அது பாஸ், மாமா. அதை யாரும் திறக்க மாட்டாங்க.”

பதின்மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்தும் ஒருமுறையும் திறக்கப்படாத அந்தப் பாதியைப் பற்றித்தான் வாசகர்களுக்கு எழுத விழைகிறேன். ஏனெனில் நம் பங்குக் குடும்பங்களில் எத்தனையோ இல்லங்களின் பீரோக்களில் இதே கணிப்பொறி உறங்கிக்கொண்டிருக்கிறது.

கணிப்பொறியை ஒரு தறிக்கூடம் என்று கொள்வோம். தறிகள் இரும்பாலும் மரத்தாலும் ஆனவை. பூவும் கரையும் விழவேண்டிய விதத்தை மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகள் தீர்மானிக்கின்றன. (துளையிட்ட அட்டையைக் கொண்டு இயந்திரத்திற்குக் கட்டளையிடும் வழக்கமே பிற்காலத்துக் கணிப்பொறிக்குத் தறி வழங்கிய சீதனம், நெசவாளர்கள் இதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.) ஆனால் எந்தத் தறிக்கு எந்த நூல், எந்த நேரத்தில் எது ஓடவேண்டும் என்று பார்த்துக்கொள்ள மேஸ்திரி ஒருவர் வேண்டுமல்லவா? கணிப்பொறிக்குள் அந்த மேஸ்திரியின் பணியைச் செய்வதே இயங்குதளம். அவர் எழுந்திராவிடில் தறி நல்ல நிலையில் இருந்தும் கூடம் முழுவதும் நின்றுவிடும். அவ்வீட்டில் நிகழ்ந்தது அதுவே. பொருள் கெடவில்லை, மேஸ்திரி ஒருவர் படுத்துவிட்டார். இன்னொரு மேஸ்திரி அதே கூடத்தில் இருக்கிறார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்விருவரும் ஒரே கணிப்பொறியில் குடியேறிய கதை நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அந்நாளைய முதலமைச்சர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி மாணவர்க்கும், அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் அவை வழங்கப்பட்டன. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளும் பெற்றனர். முதலாண்டுக்கென மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் மடிக்கணினிகளுக்கு ஒப்பந்தம் கோரப்பட்டது. அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே வைக்கப்பட்டன.

பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். மத்திய அரசின் ‘சி-டாக்’ நிறுவனத்தின் சென்னைக் கிளையே அதனை உருவாக்கியது. அதன் வேர் இன்னும் ஆழமானது. 1991-இல் ஹெல்சிங்கி நகரில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அதற்கு முன்பே 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த கட்டற்ற மென்பொருள் முயற்சி, 1993 முதல் உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூடி வளர்த்துவரும் டெபியன் தொகுப்பு ஆகியவற்றின் மீதே பாஸ் கட்டப்பட்டது. யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்; விலையில்லை.

முதற் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது, பெயர் தரங். அவ்வாண்டிலேயே அனந்த் வந்தது. 2008-இல் தேஜஸ், 2011-இல் சவிர், 2013-இல் அனோகா, 2015-இல் அனூப், 2018-இல் திருஷ்டி, 2019-இல் உன்னதி, 2021-இல் ஊர்ஜா, 2024-இல் பிரக்யா. சென்னையில் பிறந்த பத்துக் குழந்தைகளுள் ஒன்றுக்கேனும் ஒரு தமிழ்ப் பெயர் சூட்டத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. அது கிடக்கட்டும். பெயரைவிட முக்கியமானது இடைவெளி. ஈராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒரு பதிப்பு என்பது ஆடம்பரத்திற்காக நிகழ்வதன்று. பழைய பதிப்பில் காணப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படுகின்றன. புதிய அச்சுப்பொறி, புதிய கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றோடு பேசக் கற்றுக்கொள்கிறது. பொதட்டூர்பேட்டை இல்லத்தில் உறங்கியது சவிர். அதற்குப் பின் ஆறு தம்பி தங்கையர் பிறந்த செய்தியே அவ்வீட்டாருக்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? இவ்விடத்தில் சற்று மனம்திறந்து பேசவேண்டும். தமிழகத்தில் லினக்ஸ் திடீரென்று வந்த பொருளன்று. 2011-க்கு முன்பே, சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. மடிக்கணினியிலும் அதற்கு இடம் கிடைத்தது. ஆனால் கற்பிப்பார் இல்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் சில ஆண்டுகளிலேயே பள்ளிகளை லினக்ஸுக்குத் திருப்பியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பாடநூலை அதற்கேற்ப எழுதினர். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினர். 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிகளுக்கென்றே புதிய பதிப்புகள் இன்றும் வெளியாகின்றன. அங்கே அது தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரும் பொருளாயிற்று. இங்கே கருந்திரையில் தோன்றி மறையும் ஒரு வரியாயிற்று. பிள்ளைகளைக் குறை கூறி என்ன பயன்? பள்ளியிலும் கடையிலும் தோழர் வீட்டிலும் அவர்கள் கண்டது விண்டோஸ் ஒன்றையே.

விண்டோஸும் ஆயுள் வரையறை உடையதுதான். 1985-இல் முதற் பதிப்பு வந்தது. 1995-இல் வந்த பதிப்பே உலகெங்கும் இல்லங்களுக்குள் அதனைக் கொண்டு சேர்த்தது. 2001-இல் வந்த எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் கணிப்பொறி நின்றுவிடும் என்று பொருளில்லை. கூடத்தில் பூட்டு பழுதானால் வந்து பார்க்க இனி ஆள் இல்லை என்பதே பொருள்.

பூட்டுப் பழுதானால் என்ன நேரும் என்பதை 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகம் கண்டது. விண்டோஸில் ஓர் ஓட்டை இருப்பதறிந்து மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதனைப் போட்டுக்கொள்ளாதவர் பலர். மே 12 அன்று ‘வன்னாகிரை’ என்னும் தீய நிரல் அவ்வோட்டை வழியே நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நமக்கு எட்டாத தொலைவில் நடந்தது என்று எண்ணவேண்டாம். பொதட்டூர்பேட்டைக்கு அப்பால் எல்லை தாண்டினால் வருவது அன்றைய சித்தூர் மாவட்டம். அம்மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகள் பலவும் அவ்வாரத்தில் முடங்கின. சிக்கியவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7-இல் ஓடியவை. அப்பதிப்புக்கு அந்நாளில் ஆதரவும் இருந்தது, திருத்தமும் இருந்தது. ‘அப்டேட்’ என்று திரையில் தோன்றும்போதெல்லாம் “பிறகு” என்று அழுத்திவிடும் நம் விரலே குற்றவாளி.

கடைக்காரர் சொன்ன ஐந்நூறு ரூபாய்க்கு வருவோம். அத்தொகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரிமம் பெறாத பிரதி. அது விலைக்கு விற்கப்படும் பொருளைத் திருட்டாகப் படியெடுப்பது என்பது ஒருபுறம் இருக்க, அதனுள் வேறு என்ன புகுத்தப்பட்டிருக்கிறது என்று யாரும் அறியார். விண்டோஸ் 11-ஐ முறையாக வாங்கிப் போடலாமே எனில், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் 2012-ஆம் ஆண்டின் மடிக்கணினியில் இல்லை. ஆகவே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதில் உறுதியாக நிகழக்கூடியது ஒன்றே: அழிவது. அழிப்பதற்கு முன் உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் படியெடுத்துத் தருமாறு கடையில் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் செய்து தருவர். கேளாதவர்க்கு அழித்துக் கொடுப்பதே எளிது.

நான் மின்கம்பியை மீண்டும் செருகச் சொன்னேன். மின்கலம் எப்போதோ செத்துவிட்டிருந்தது. கருந்திரை வந்ததும் தம்பியின் கையைத் தடுத்து, பாஸ் என்ற வரியில் அம்புக்குறியை நிறுத்தி அழுத்தினேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. அந்த அம்மையார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளூர அச்சந்தான், ஏனெனில் தட்டே பழுதாகியிருந்தால் எந்த மேஸ்திரி எழுந்தும் பயனில்லை. பின் திரை ஒளிர்ந்தது. சவிர் பதின்மூன்று ஆண்டு உறக்கம் கலைந்து எழுந்து அமர்ந்தது.

லினக்ஸ் விண்டோஸின் கோப்புகளைப் படிக்க வல்லது. அதன் திறவுகோல் தன்னிடம் இல்லையென்று கைவிரிப்பதில்லை. விண்டோஸ் எழும்பாவிடினும், அதன் அறையிலிருந்த பெட்டிகள் எல்லாம் அங்கேயே இருந்தன. மூத்த மகள் தன் பெயரில் வைத்திருந்த உறையைத் திறந்தோம். வரிசை வரிசையாகப் படங்கள். சில கடிதக் கோப்புகள் மட்டும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றின. அவை ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனி விதியில் இயங்கிய காலத்து முறையில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் இவ்வாறுதான் தோன்றும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பின்னும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய முறை நீங்கவில்லை. பங்கு அலுவலகங்களில் அக்காலத்துத் திருமுழுக்குப் பட்டியல்களையும் மலர்களையும் கோப்பாக வைத்திருப்போர், அவற்றைத் திறக்க வல்லவர் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நலம்.

பையன் ஓடிச் சென்று ஒரு பென்டிரைவ் வாங்கி வந்தான். படியெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் காபி வந்தது. அண்டை வீட்டாரும் வந்தனர். அவர்களில் இருவர் தம் வீட்டிலும் இதே பெட்டி உண்டு என்றனர். அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சவிர் பெட்டியைத் திறந்து பொருளை மீட்கப் போதுமானது. அதை வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும் ஆகாது, அதற்கும் ஆதரவு முடிந்து நெடுங்காலமாயிற்று. படங்களை மீட்டபின் பாஸின் புதிய பதிப்பையோ, பழைய கணிப்பொறிக்கேற்ற இலகுவான வேறொரு லினக்ஸையோ இணையத்திலிருந்து விலையின்றி இறக்கிப் பென்டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்க்கலாம். பலவற்றை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க வழியுண்டு; கம்பியில்லா இணைப்பும் ஒலியும் இயங்குகின்றனவா என்று அவ்வாறு பார்த்தபின் நிறுவுவது உத்தமம். வேகம் பெரிதாக இராது. கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பிள்ளைகள் தமிழில் தட்டச்சுப் பழகவும் போதும்.

படிகள் முடிந்ததும் பையன் ஒரு வீடியோவைச் சொடுக்கினான். தறியின் ஓசை அறையை நிறைத்தது. நூலைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் தந்தை திரும்பி, எடுக்காதேடா என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் மகனை அதட்டிவிட்டுச் சிரித்தார். வெளியே எதிர்வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மையார் இன்னொரு முறை போடச் சொன்னார்.