பஞ்சுக்குச்சியும் பயின்ற கையும்

1959-ஆம் ஆண்டில் மெத்திசிலின் என்னும் மருந்து பிரயோகத்துக்கு வந்தபோது, பெனிசிலினுக்கு அடங்காத சீழ்க்கிருமிகளின் கொட்டம் இத்துடன் ஒடுங்கிற்று என்று வைத்தியர்கள் கொண்ட நம்பிக்கை ஈராண்டு காலமே நிலைத்தது. 1961-இலேயே அம்மருந்தையும் எதிர்த்து நிற்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட செய்தி வெளியாயிற்று. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று வழங்கும் இக்கிருமியின் விபரீதம் யாதெனில், ஆரோக்கியமாய்த் தோன்றும் மனிதரின் நாசியிலும் தோல் மடிப்புகளிலும் யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருந்து, சத்திரசிகிச்சைப் புண்ணோ இரத்தக்குழாயில் செருகிய ஊசியோ வழி திறந்த மாத்திரத்தில் உள்ளே பிரவேசித்துப் பிராணாபத்தை விளைவிப்பதே. ஆகவேதான் 2009-இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, முன்கூட்டித் தேதி குறித்துச் சிகிச்சைக்கு வருவோரைப் பஞ்சுக்குச்சியால் சோதிக்கும் விதியை ஏற்படுத்தியது.

விதி எளிது, அதை நிறைவேற்றும் கைதான் பயிற்சியை வேண்டுவது. குச்சியை நாசித் துவாரத்தின் முன்பகுதியில், உட்சுவரைத் தொட்டுச் சில முறை சுழற்றி, அதே குச்சியால் மறு துவாரத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். கொரோனாக் காலத்தில் ஆழச் செலுத்திப் பழகிய கை அப்பழக்கத்தை இங்கே மறப்பது நலம். வறண்ட தோலானால் குச்சியைக் கிருமி நீக்கிய உப்புநீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். மூக்கோடு நின்றுவிட்டால் கிருமியைச் சுமப்போரில் கணிசமானோர் தப்பிவிடுவராதலின், கவட்டிலும் ஆறாத புண்ணிலும் எடுப்பதுண்டு. குடலில் வாழும் வேறு சில முரட்டுக் கிருமிகளைத் தேடும்போதோ மலத்துவாரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான், நோயாளியின் நாணமும் தாதியின் தயக்கமும் ஒன்று சேர்ந்து, குச்சி வெளித்தோலைத் தடவியதோடு திரும்பிவிடும் அபாயம் பெரிது. திரையை இழுத்து மூடி, எதற்காக எடுக்கிறோம் என்று இதமாய் விளக்கிச் சம்மதம் பெறும் பாங்கைக் கற்பிக்காத பயிற்சி, என் அபிப்பிராயத்தில், பாதிப் பயிற்சிகூட ஆகாது.

குச்சியில் ஏறாத கிருமியை எந்தச் சோதனைச்சாலையும் வளர்த்துக் காட்ட முடியாது. பிழையாக எடுத்த குச்சி ‘கிருமி இல்லை’ என்ற பொய்ச் சான்றை அளிக்க, அதை நம்பி அந்நோயாளியைப் பொது வார்டில் பிறரோடு படுக்க வைக்கிறார்கள். சோதனையே செய்யாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய எச்சரிக்கையும் போய்விடுகிறது. ஆதலால் ஆஸ்பத்திரிகளை நிர்வகிப்போருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: சுவரில் படம் ஒட்டியதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு ஊழியரும் தேர்ந்த தாதி ஒருவரின் கண்முன் செய்து காட்டிய பின்னரே அவரைத் தனியே நோயாளியிடம் அனுப்புங்கள்.